மூன்றாவது தையல்

பிப்ரவரி 6, வியாழன்

புறநோயாளிகளைப் பார்த்து முடிக்கவே மூன்று மணியாகிவிட்டது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தால் அரிசிபருப்புச் சாதம் களியாகிக் கிடந்தது. வீட்டுக்காரர் கட்டிக் கொடுப்பது. குறை சொன்னால் நாளையிலிருந்து நானே எழுந்து கட்ட வேண்டும். அருமை என்று செய்தி அனுப்பிவிட்டேன்.

கடைசியாக வந்தவள் மேகலா. ஆனைமலைப் பக்கம் வனக் காவலர், இருபத்தாறு வயது. தோப்புக்குள் இறங்கிய யானையைக் காட்டுக்குத் திருப்பப் போன இடத்தில் ஈரப் பாறையில் விழுந்தவள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, சறுக்கியதெல்லாம் இவளுக்குத்தான். வலது முழங்காலில், தொடையெலும்பின் உருண்ட முனையில், குருத்தெலும்பு பெயர்ந்து சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பள்ளம். டிசம்பரில் அதே முழங்காலில் பாரம் படாத ஓரத்திலிருந்து நகத்துணுக்கு அளவுக்கு நல்ல குருத்தெலும்பை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அங்கே அவளுடைய செல்களையே வளர்த்து, மெல்லிய சவ்வு ஒன்றில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போலத்தான். செல்கள் அதில் நின்று புதுக் குருத்தெலும்பைக் கட்டும். கட்டி முடிந்தால் சாரம் தானே கரைந்துபோகும். செல் ஏற்றிய அந்தச் சவ்வுதான் ஒட்டு. பள்ளத்தில் அதைப் பதித்து, நகராமல் நிறுத்துவது என் வேலை.

“மறுபடியும் பீட்டுக்குப் போக முடியுங்களா மேடம்?” என்றாள். காட்டில் அவளுக்கென்று ஒதுக்கிய ரோந்துப் பகுதிக்கு அப்படிப் பெயர்.

“ஒரு வருஷம் பொறுக்கணும். ஒட்டு நல்லாப் பிடிக்கணும்.”

“பிடிக்கலீன்னா?”

“பிடிக்கும்மா.”

“இப்ப ஆபீஸ்ல உக்கார வெச்சிருக்காங்க. சீல் குத்தறதுக்கா மேடம் நான் பரிச்சை எழுதுனேன்? அடுத்த வருஷம் சித்திரைக்குள்ள நீங்க சர்டிபிகேட் குடுத்தா பீட்டு. இல்லீன்னா ரிட்டயர் ஆகற வரைக்கும் சீலுதான்.”

ஊன்றுகோலோடு படி ஏறி இறங்குவதை நானே சொல்லிக் கொடுத்தேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இருபது வருடமாகப் பாடும் பாட்டு. அவளைப் படியில் அனுப்பிவிட்டு நான் லிஃப்டில் இறங்கினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மருதமலைக்குப் போகலாம் என்றார் இவர். வெயில் என்றேன்.

“மாசி பொறக்கறப்ப என்ன வெயிலு? மேல வரைக்கும் கார் போகுது.”

“காருக்கு அப்புறமும் படி இருக்குங்க.”

“அதத்தான் நானும் கேக்கறேன், படின்னா உனக்கு ஏன் இப்ப கோவம் வருது? வர வர சிடுசிடுன்னு இருக்கறதே அதனாலதான்.”

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் இவரை மிஞ்ச ஆளில்லை. மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். கடை தரைத்தளத்தில்தான்.

பிப்ரவரி 24, திங்கள்

ஆய்வகத்திலிருந்து அழைத்தார்கள். பெட்டி நாளைக் காலை விமானத்தில் வருகிறது. ஒரே ஒரு ஒட்டு. சீக்கிரம் வைத்துவிட வேண்டும், வைத்தால் வைத்ததுதான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மேகலா ஆபரேஷன் முடிந்தது. ஒட்டு நிற்கிறது. இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

பிப்ரவரி 26, புதன்

நேற்றையதை எழுதுகிறேன்.

நான் உள்ளே போனதும் ஜெசிந்தா சிஸ்டர் ஸ்டூல் ஒன்றை என் பின்னால் தள்ளி வைத்தார். நான் கேட்கவில்லை. தியேட்டரில் என்னோடு பதினைந்து வருடமாக இருப்பவர், சில சமயம் அதிகப்படி அக்கறை.

பள்ளத்தைச் சுற்றி நைந்துபோனதையெல்லாம் சுரண்டி எடுத்தோம். சுவர் நெட்டாக, உறுதியாக நின்றால்தான் ஒட்டு உட்காரும். மூன்று பக்கம் நன்றாக அமைந்தது. வெளிப்பக்கச் சுவர் மட்டும் உதிர்ந்து உதிர்ந்து தாழ்ந்துவிட்டது. கடைசியில் பள்ளம் முந்திரிப் பருப்பு வடிவத்தில் நின்றது.

தையல் நூல் வரும் உறையின் அலுமினியத் தாளை வெட்டிப் பள்ளத்தில் அழுத்தி அச்செடுப்பது என் வழக்கம். எடுத்ததும் அச்சின் மேல்பக்கத்தில் பேனாவால் ஒரு பொட்டு வைத்துவிடுவேன். காரணம் இருக்கிறது. கிண்ணத்தில் ஒட்டு கிடக்கும்போது செல்கள் இருக்கும் சொரசொரப்பான பக்கம் மேலே பார்த்திருக்கும். பள்ளத்தில் வைக்கும்போது அந்தப் பக்கம் எலும்பைப் பார்க்க வேண்டும். தோசையைப் போலத் திருப்பித்தான் போட வேண்டும். ஆகையால் வெட்டும்போது அச்சையும் கவிழ்த்து, பொட்டு கீழே போகும்படி வைத்து வெட்ட வேண்டும். பொட்டில்லாத அச்சைக் கிண்ணத்தருகே கொண்டுபோகாதே என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

நேற்று பொட்டு வைக்கவில்லை. பேனா மேசையின் அந்தக் கோடியில் இருந்தது, எட்டவில்லை. கேட்டிருந்தால் சிஸ்டர் எடுத்துக் கொடுத்திருப்பார். அச்சை அஃப்சலிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அஃப்சல் என் ஜூனியர் சர்ஜன், நிதானமான கை. அவன் வெட்டி எடுத்து வந்து பள்ளத்தின் மேல் பிடித்தான். பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

முந்திரி வளைந்தது ஒரு பக்கம், ஒட்டு வளைந்தது மறுபக்கம்.

“மேடம், திருப்பி வெச்சா அப்படியே உக்காருது,” என்றான் மெல்ல. வை என்று சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னான். எனக்கும் பட்டது. திருப்பினால் வடிவம் கச்சிதம். ஆனால் செல்களெல்லாம் எலும்பை விட்டுவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஒன்றும் பிடிக்காது. அந்த அறையில் இருந்த எங்களைத் தவிர யாருக்கும் தெரியவும் தெரியாது.

“செல் பக்கம் கீழதான்,” என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இதை எழுதி வைக்கத் தோன்றுகிறது.

துருத்திய பக்கத்தைச் செதுக்கினோம். வெளிப்பக்கம், அந்தத் தாழ்ந்த சுவரை ஒட்டி, அரிசி மணி அகலத்துக்கு இடைவெளி விழுந்தது. சுவர் சுற்றிலும் இருந்தால் பசையே போதும். இங்கே ஒட்டை இழுத்து நல்ல குருத்தெலும்போடு தைக்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய நூல். சவ்வைக் கிழித்துவிடாமல் வழுக்கிப் போக எண்ணெயில் நனைத்துக்கொள்வோம். உட்கார்ந்தால் அந்தக் கோணம் கிடைக்காது. எழுந்து, ஒரு பக்கமாகக் குனிந்து நின்று முதல் தையல் போட்டேன். இரண்டாவது போட்டேன்.

“மூணாவது ஒண்ணு போட்டுரலாமா மேடம், இந்த மூலையில?”

“போதும். ஊசி போற எடமெல்லாம் நல்ல குருத்தெலும்புக்கும் காயந்தான். பசை பிடிச்சுக்கும்.”

பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

பசை விட்டு, விரலால் அழுத்திப் பிடித்தோம். பிறகு காலை மடக்கி நீட்டிப் பார்த்தோம். ஒட்டு அசையவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கையுறையைக் கழற்றும்போது அஃப்சல் பக்கத்தில் வந்து நின்றான். “பொட்டு இல்லையேன்னு நான் கேட்டிருக்கணும் மேடம்.”

“கேட்டிருக்கணும்தான். ரெண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டுன ஜாக்கெட் டெய்லர் மாதிரி பண்ணிட்டியே!”

எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிஸ்டர் மேசைக் கோடியிலிருந்த பேனாவை எடுத்து உள்ளே வைத்தார்.

மார்ச் 1, சனி

மேகலாவின் காலை மடக்கி நீட்டும் இயந்திரத்தில் வைத்திருக்கிறோம். செல்களுக்குத் தீனி போவதே அந்த அசைவில்தான்.

“நாள் பூரா மாவாட்டற மாதிரியே ஓடுதுங்க மேடம். இட்லிதான் வரமாட்டீங்குது.”

நாளை வீட்டுக்குப் போகிறாள். ஆறு வாரத்துக்கு வலது காலில் பாரம் வைக்கவே கூடாது, விரல் நுனி மட்டும் தரையில் படலாம் என்றேன். “புலி வந்தா?” என்றாள். “ஒத்தைக் கால்ல ஓடு” என்றேன். அவள் அம்மாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

தையல் பிரித்தோம். காயம் சுத்தமாக ஆறியிருக்கிறது. விரல் நுனிக்கு மேல் ஊன்றவில்லை என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறாள் மேகலா. இந்த மாதிரி சொல் கேட்கும் நோயாளி வருடத்துக்கு ஒருத்திதான் வருவாள்.

வீட்டுக்கு வந்தால் கட்டிலைக் காணோம். இவர் ஆள் வைத்துக் கீழறைக்கு இறக்கிவிட்டார். மாடியில் வெக்கையாம். என்னைக் கேட்க வேண்டாமா? சண்டை போட்டுவிட்டுக் கீழேயே படுத்துக்கொண்டேன்.

மார்ச் 29, சனி

ஒன்றுமில்லை. கரண்ட் இல்லை, பால் திரிந்துவிட்டது, நானும் அப்படித்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். கனி பார்த்தாயிற்று. இவர் வேப்பம்பூ ரசம் வைத்தார், அதில் உப்பு வேப்பம்பூவை வென்றுவிட்டது.

மேகலா வாழ்த்துச் சொல்ல அழைத்தாள். பேச்சு முடிகிற நேரத்தில், “மேடம், மடக்கறப்ப டக்குனு ஒரு சத்தமுங்க,” என்றாள்.

“வலிக்குதா?”

“வலிக்கலீங். ஏதோ சிக்கிட்டு விடற மாதிரி. ஒண்ணுமில்லீங்களே?”

“வா, பாத்துக்கலாம்,” என்றேன். பண்டிகை நாளில் வேறென்ன சொல்வது? ரசத்தை அப்படியே வைத்துவிட்டேன். உப்பு அதிகம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

எம்.ஆர்.ஐ. படத்தை அஃப்சல்தான் முதலில் பார்த்திருக்கிறான். ஒன்றும் சொல்லாமல் திரையில் திறந்து வைத்துவிட்டு, காபி வாங்கி வருகிறேன் என்று போய்விட்டான். அவன் காபி குடிப்பதில்லை.

ஒட்டின் பெரும்பகுதி நன்றாகப் பிடித்திருக்கிறது. வெளிப்பக்க மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது தையலுக்கு அப்பால், மூன்றாவது ஒன்று போட்டுவிடலாமா என்று அவன் கேட்ட அதே இடம். இப்படியே விட்டால் ஒவ்வொரு மடக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்து முழுவதும் பெயர்ந்துவிடும். பெயர்ந்தால் மேகலாவுக்குச் சீல்தான்.

அஃப்சல் திரும்பி வந்தபோதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சொல்லியிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். சொல்லாமல் விட்டதால் அதற்கும் வழியில்லை.

எழுதிவிடுகிறேன். என் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. போன தீபாவளியிலிருந்து நிற்க முடியவில்லை. அன்றைக்கு இரண்டாவது தையல் போட்டு முடித்தபோது என் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் குனிந்து நின்றால் அவள் மேலேயே விழுந்துவிடுவேன் போலிருந்தது. அதனால்தான் போதும் என்றேன். பேனா எட்டாமல் போனதும் அதனால்தான். அஃப்சலிடம் நூலைக் கொடுத்து ‘நீ போடு’ என்று சொல்லியிருக்கலாம். அது வாயில் வரவில்லை. நல்ல குருத்தெலும்புக்குக் காயம் என்பது வந்தது.

ஊர் முழங்காலுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 23, புதன்

மேகலாவையும் அவள் அம்மாவையும் உட்காரவைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அச்சு மாறியது, இடைவெளி விழுந்தது, என் காலுக்கு முடியாமல் ஒரு தையலை விட்டது, எல்லாம்.

“ஏனுங் மேடம், அந்த மூணாவது தையல் போட எவ்வளவு நேரம் ஆவும்?” என்று கேட்டாள் மேகலா.

“அஞ்சு நிமிஷம்.”

“நான் ஆறு வாரம் கால ஊணாம கெடந்தனுங்க. பாத்ரூமுக்கு எங்கம்மா தூக்கிட்டுப் போச்சு. நீங்க சொன்னீங்கன்னு இத்தனூண்டுகூட ஊணல. உங்களுக்கு அஞ்சு நிமிஷம் நிக்க முடியலீங்களா?”

அம்மா அவள் கையைப் பிடித்து அடக்கினார். மன்னிச்சுக்கம்மா என்றேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையை மறுபடி தைத்து நிறுத்த முடியும், சீக்கிரம் செய்தால் ஒட்டு பிழைக்கும் என்றேன்.

“யாரு தைப்பாங்க?”

“டாக்டர் அஃப்சல்.”

“நீங்க?”

“நான் காலைப் பிடிச்சுக்கறேன்.”

சொன்ன பிறகுதான் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு என்று உறைத்தது. அதுவும் பொருத்தம்தான். வேறு ஆஸ்பத்திரி வேண்டுமானால் எல்லாப் படங்களோடும் நானே அனுப்பி வைக்கிறேன் என்றும் சொன்னேன். அம்மாவும் மகளும் வெளியே போய் வெகு நேரம் பேசினார்கள். திரும்பி வந்து, “அந்த சார் பண்றதுன்னா சரிங்க,” என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

மே 6, செவ்வாய்

நாற்காலியில் உட்கார்ந்து மேகலாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். படிப்பு முடித்த புதிதில் செய்த வேலை. சொன்ன கோணத்தில் மடக்கு, சொன்ன கோணத்தில் நிறுத்து, வாயை மூடிக்கொண்டிரு.

மூலை தூக்கியிருந்தது, ஆனால் கிழியவில்லை. அடியில் இருந்த வழவழப்பான படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அஃப்சல் மூன்றாவது தையலைப் போட்டான். நான்காவது போட்டான். ஐந்தாவதுக்கு ஊசியை எடுத்தபோது போதுமே என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். பக்கத்தில் சின்ன ஆணி ஒன்றும் அடித்தான், தானாகக் கரைந்துபோகிற வகை. மெதுவாகத்தான் செய்தான். அவசரமே படவில்லை.

“மேடம், மடக்கிப் பாருங்க.”

மடக்கினேன், நீட்டினேன். மறுபடி மடக்கினேன். அவன் போதும் என்று சொல்லும் வரை நிறுத்தவில்லை. ஒட்டு பாறை மாதிரி இருந்தது.

“பொட்டு வெக்காதது நான்,” என்றேன், சிஸ்டருக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் கேட்கும்படி. “அன்னைக்கு உன்னைச் சொன்னது தப்பு.”

“தெரியும் மேடம்,” என்றான் அஃப்சல். வெளிக்காயத்தைத் தைத்துக்கொண்டிருந்தவன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்கும் தெரியும் டாக்டர்,” என்றார் சிஸ்டர். “பின்ன ஸ்டூலை எதுக்குத் தள்ளித் தள்ளி வெக்கறேன்?”

ஜூன் 19, வியாழன்

மேகலா வந்திருந்தாள். மறுபடி ஆறு வாரம் ஊன்றாமல் கிடந்திருக்கிறாள். நேராக அஃப்சல் அறைக்குப் போய், காட்டிவிட்டு, நேராக லிஃப்டுக்குப் போய்விட்டாள். மடக்கினால் இப்போது சத்தம் இல்லை என்று அஃப்சல் வந்து சொன்னான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இடது முழங்காலை மாற்றிக்கொண்டேன். எனக்கு ஒட்டெல்லாம் ஆகாது. நல்ல சாலையில் ஒரு பள்ளம் என்றால் ஒட்டுப் போடலாம். என்னுடையதில் சாலையே போய்விட்டது. உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். கீழறையில் கட்டில் இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபடுகிறார் என்பது முகத்திலேயே தெரிகிறது.

ஏப்ரல் 16, வியாழன்

மறுபடியும் சித்திரை. இனி நான் கத்தி பிடிப்பதில்லை. வாரம் மூன்று நாள் நோயாளிகளைப் பார்க்கிறேன், கைத்தடி துணைக்கு.

மேகலா சர்டிபிகேட்டுக்கு வந்தாள். அஃப்சல் ஊருக்குப் போயிருந்ததால் என்னிடம்தான் வர வேண்டியிருந்தது. படத்தில் பள்ளம் நிரம்பி, ஓரமெல்லாம் சேர்ந்திருந்தது. மடக்கிப் பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் சரி. ஆனாலும் கையெழுத்துப் போட வரவில்லை. படம் படுத்திருக்கும் காலைத்தான் காட்டும். ஈரப் பாறையில் இந்தக் கால் என்ன செய்யும் என்று அதில் தெரியாது. போன தடவை பிடிக்கும் என்று வாயால் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

“கீழ போய் ஒரு காபி குடிச்சுட்டு வந்து போடறேன்,” என்றேன். அவள் முகம் சுருங்கியது. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை.

படிக்கட்டின் தலையில் நின்று கைத்தடியை ஊன்றி, எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்தேன். புதுக் கால் வலிப்பதில்லை, பழைய கால் இப்போது வலிக்க ஆரம்பித்திருக்கிறது. இருபது வருடப் பாட்டு எனக்கே குழம்பிவிட்டது. அதற்குள் மேகலாவின் போன் அடித்தது. பீட்டில் யாரோ. “எந்தப் பக்கம் எறங்குச்சு? குட்டியோடயா? பட்டாசு போட்றாதீங்க, கொஞ்சம் பொறுங்க!” என்று பேசிக்கொண்டே இறங்கினாள். நான் அவள் கால்களையே பார்த்தேன். வலது, இடது, வலது. கைப்பிடியைத் தொடவில்லை. நடுவில் தண்ணீர் கொட்டிக் கிடந்த ஒரு படியைத் தாண்டி அடுத்த படியில் வலது காலை ஊன்றினாள், முழுப் பாரத்தோடு. எந்தக் காலை வைக்கிறோம் என்று அவள் யோசிக்கவே இல்லை.

திருப்பத்தில் போனை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். நான் இன்னும் தலைப் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். விறுவிறுவென்று மேலே ஏறி வந்து என் கையைப் பிடித்தாள்.

“வாங்க மேடம். எறங்கறப்ப வலிக்கற காலு மொதல்ல. நீங்க சொன்னதுதானுங்களே?”

ஒரு படிதான் இறங்கினோம். அங்கேயே உட்கார்ந்து, அவள் கையிலிருந்த படிவத்தை வாங்கி மடியில் விரித்தேன்.

“பேனா இருந்தா குடும்மா,” என்று கேட்டேன்.